கல்மேட்டில் உச்சிவேளை

கிட்ட வந்து உட்காருங்க. அந்த ஜன்னலைச் சாத்துங்க, மழைச் சத்தத்துல நான் சொல்றது கேட்காது. நடுவுல யாரும் எழுந்து போகக்கூடாது... போனா தனியாத்தான் படி இறங்கணும், இப்பவே சொல்லிட்டேன்.

இது நம்ம மரக்கடை ராஜரத்தினத்தோட தாய்மாமனுக்கு நடந்தது. அவர் பேரு நல்லையா. ராஜரத்தினம் சொல்லி நான் கேட்டது.

மணி பன்னிரண்டு.

ராத்திரின்னு நினைச்சீங்களா? இல்லை... பகல் பன்னிரண்டு. உச்சி வெயில். நம்ம நிழல் நம்ம காலுக்கடியிலயே ஒளிஞ்சிக்கிற நேரம். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, பங்குனி மாசம். பர்மாவுல கியாக்தான்னு ஒரு ஊரு, அதுக்கு இந்தப் பக்கம் மூணு மைல்ல ஒரு செம்மண் ரோடு. ரெண்டு பக்கமும் அறுப்பு முடிஞ்ச வயலு, வெடிச்சுப் பிளந்து கிடக்கு. ஒரு காக்கா இல்லை. ஒரு ஆள் இல்லை. நல்லையா மாட்டு வண்டியில தனியாப் போறாரு. வண்டி நிறையக் கல்லு. அந்தப் பக்கத்துல வெட்டுற சிவப்புக் கல்லு, துரு பிடிச்ச இரும்பு மாதிரி இருக்கும்.

தூரத்துல இடிஞ்ச கோட்டைச் சுவர் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் மாடு ரெண்டும் நின்னிருச்சு. தார்க்கம்பால குத்துறாரு... நகரலை. வாயில நுரை தள்ளுது.

அப்பத்தான் கேட்டுச்சு.

டக்... டக்... டக்.

சுவருக்கு அந்தப் பக்கம். யாரோ கல்லு உடைக்கிற மாதிரி. அவசரமே இல்லாம, ஒரே சீரா. கூடவே ஒரு வாசம். வேப்பெண்ணெய் தடவின தலை வெயில்ல காயுமே... அந்த வாசம்.

"யாரது?"ன்னு கத்தினாரு.

சத்தம் நின்னுச்சு.

வண்டியை விட்டு இறங்கிச் சுவரைச் சுத்திப் போனாரு. அந்தப் பக்கம் ஒரு கல்மேடு. ஆள் உயரம் இருக்கும். அதைத் தவிர ஒண்ணும் இல்லை. கல்லு உடைக்கிறவங்களும் இல்லை, சுத்தியலும் இல்லை.

பார்த்துக்கிட்டே நிக்கிறாரு. மேட்டு உச்சியில இருந்த கல்லு ஒண்ணு லேசா ஆடுச்சு. உருண்டுச்சு. வந்து அவர் கால்கிட்ட நின்னுச்சு.

காத்து இல்லைங்க. இலை அசையலை.

இன்னொரு கல்லு. அப்புறம் அந்தப் பக்கமா ஒண்ணு. படுத்திருக்கிறவங்க மேல கிடக்கிற போர்வையை மெதுவா விலக்குவாங்க பாருங்க... அந்த மாதிரி, உள்ள இருந்து.

அவர் அங்க ஏன் போனாரு, வண்டியில எதுக்குக் கல்லுன்னு கேப்பீங்க. அதைச் சொல்லிட்டு மேல போறேன்.

நல்லையா முதல்ல ரங்கூன் துறைமுகத்துல வேலை பார்த்தவரு. கப்பல்ல ஏத்துற மூட்டையை எண்ணி எழுதுற வேலை. ஒருநாள் பாரந்தூக்கிச் சங்கிலியில இடது கை மாட்டி ரெண்டு விரல் போயிருச்சு. வேலையும் போயிருச்சு. அவர் சம்சாரம் கமலாட்சி, ரெண்டு பொண்ணுங்க, எல்லாரையும் வச்சுக்கிட்டுத் திண்டாடினப்போ கை கொடுத்தவர் பொன்னுத்துரை மேஸ்திரி.

பொன்னுத்துரை பெரிய ஆளு. சரிகைத் தலைப்பாகை, பட்டுக் கோட்டு, கையில வெள்ளிப் பூண் போட்ட குடை. இடது புருவத்துக்கு மேல ஒரு வெட்டுத் தழும்பு. ஒரு காலத்துல ரோடு போடுறதுக்கு ஆள் சப்ளை பண்ணவர். இப்போ அவருக்குச் சொந்தமா லாஞ்சுன்னு ஒரு மோட்டார்ப் படகு, ஆறு வண்டி. கப்பல்ல வர்ற வெள்ளைக்காரங்க ரங்கூன்ல ரெண்டு மூணு நாள் தங்குவாங்க இல்லையா? தங்கக் கோபுரத்தைப் பார்த்தாச்சு, மார்க்கெட்டைப் பார்த்தாச்சு, அப்புறம்? அவங்களை லாஞ்சுல ஏத்தி ஆத்துக்கு அந்தக் கரைக்குக் கூட்டிட்டுப் போயி, கிராமத்துப் பக்கம் இருக்கிற பழைய இடங்களைக் காட்டிட்டு சாயங்காலம் கொண்டு வந்து விடுறது. இதான் தொழில்.

நல்லையாவுக்குக் கப்பல்காரங்ககிட்ட பழகின இங்கிலீஷ் உண்டு. பர்மாப் பேச்சும் தண்ணி பட்ட பாடு. இடம் காட்டுற வேலையை மேஸ்திரி அவருக்குக் கொடுத்தாரு. குடியிருக்க ரங்கூன்லயே கெமண்டைன் பேட்டையில தன்னோட லயன் வீட்டு வரிசையில ஒரு அறையும் கொடுத்தாரு.

நல்ல இடங்கதாங்க அதெல்லாம். கியாக்தான்ல ஆத்து நடுவுல ஒரு திட்டு, அது மேல பயா, அதான் புத்தர் கோயில். பொரி போட்டா கெளுத்தி மீனு வாயைப் பொளந்துக்கிட்டு கூட்டமா வரும். திரும்பி வர்ற வழியில கூரை இல்லாத ஒரு பழைய மாதாகோவில், ஆலமரம் வேர் விட்டுச் சுவரைக் கட்டிப் பிடிச்சிருக்கும். அதுக்குப் பக்கத்துல தாமரை ஏரி. ஏரிக்கரையில தூங்குமூஞ்சி மரத்து நிழல்ல பாய் விரிச்சு சாப்பாடு. சாப்பிட்டு முடிச்சா கோட்டைச் சுவர்.

கோட்டைச் சுவருக்குப் பின்னாடி அந்தக் கல்மேடு.

முதல்ல அதை யாரும் சீண்டலை. மேஸ்திரிதான் ஒருநாள் நல்லையாவைக் கூப்பிட்டாரு.

"அந்த மேட்டையும் காட்டு. ஒரு கெட்ட பொம்பளையோட சமாதின்னு சொல்லு. கட்டின புருஷனுக்கு விஷம் வச்சுட்டு கப்பலேறி ஓடி வந்தவ. அவ மேல ஒரு கல்லைத் தூக்கிப் போட்டா போற கப்பல் பத்திரமாக் கரை சேரும்னு சொல்லு. தொரைமாருக்கு இந்த மாதிரிக் கதைன்னா உயிரு."

"நிஜமா மேஸ்திரி?"

"நிஜமோ பொய்யோ... கல்லு விழணும். அதைப் பாரு."

நல்லையா சொல்ல ஆரம்பிச்சாரு. கதை பிடிச்சுக்கிச்சு. கதை சொல்றதுல அவர் கெட்டிக்காரரு வேற. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்ப்பாரு. அவ எப்படிச் சிரிச்சா, விஷத்தை எந்தக் கிண்ணத்துல கலக்கினா, புருஷன் எப்படித் துடிச்சான்... தொரைசானிங்க வாயில கையை வச்சுக்குவாங்க. அப்புறம் ஆளுக்கொரு கல்லு. சிரிச்சுக்கிட்டே போடுவாங்க. போடுறதுக்குன்னே வண்டியில கல்லு கொண்டு வந்து பக்கத்துல குவிச்சு வைக்கச் சொல்லியிருந்தாரு மேஸ்திரி. ஆனா ஒண்ணு... அவர் மட்டும் ஏரிக்கரையைத் தாண்டி வரவே மாட்டாரு. ஏன்னு நல்லையா கேட்கலை. ரெண்டு வருஷம், நாப்பது அம்பது கூட்டம்.

இன்னொரு விஷயம். எவ்வளவு கல்லு விழுந்தாலும் அந்த மேடு வளரலை. மழைக்காலம் முடிஞ்சு போய்ப் பார்த்தா பாதிக் கல்லு சரிஞ்சு சுத்தி இறைஞ்சு கிடக்கும். மழைன்னு நினைச்சுக்கிட்டாரு நல்லையா.

அந்த வருஷம் மாசி மாசக் கடைசியில ஒரு கூட்டம் வந்துச்சு. அதுல ஒரு வயசான அம்மா. கறுப்புக் கவுனு, கறுப்புக் குடை. போலந்துன்னு ஒரு தேசமாம். எல்லாரும் கல்லு போட்டாங்க. அந்த அம்மா மட்டும் போடலை. கதையை முழுசாக் கேட்டுட்டு, நிதானமா ஒரு கேள்வி கேட்டாங்க.

"இவ பேரு என்ன?"

ரெண்டு வருஷத்துல யாரும் கேட்காத கேள்வி. நல்லையா பேரு எதுவும் யோசிச்சு வைக்கலை. ஏதாவது ஒண்ணை அடிச்சு விடலாம்னு வாயைத் திறந்தாரு.

"நீலாம்பாள்."

அவர் சொல்லலைங்க. அது வந்துச்சு. அந்தப் பேர்ல அவருக்குத் தெரிஞ்சவங்க யாருமே கிடையாது. சொல்லி முடிச்சதும் நாக்கு பூரா மண்ணு... நறநறன்னு. துப்பினாரு. சிவப்பா விழுந்துச்சு.

அந்த அம்மா மேட்டையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. "எங்க கிராமத்துலயும் இடிஞ்ச கோட்டை இருக்கு. காட்டுக்குள்ள ஏரி இருக்கு. ஏரிக்கரையில இதே மாதிரி ஒரு கல்மேடும் இருக்கு. வழியில போறவங்க ஒரு கல்லைப் போட்டுட்டுத்தான் போவாங்க. ஆனா நாங்க கோபத்துல போடுறதில்லை. பயத்துல போடுறோம்."

"என்ன பயம்மா?"

"எழுந்துருவாளோன்னு."

அன்னிக்கு சாயங்காலம் மேஸ்திரி வீட்டுல கணக்குச் சொல்ற மாதிரி எல்லாத்தையும் சொன்னாரு நல்லையா. இத்தனை பேர் வந்தாங்க, மீனுக்குப் பொரி போட்டாங்க, ஒரு கிழவி பேரு கேட்டா...

"நீ என்ன சொன்னே?"

"வாயில வந்ததைச் சொன்னேன் மேஸ்திரி. நீலாம்பாள்னு."

வெத்தலை மென்னுக்கிட்டிருந்த வாய் நின்னு போச்சு. எச்சில் கடைவாயில வழிஞ்சு பட்டுக் கோட்டுல இறங்குது, அவருக்குத் தெரியலை.

"அந்தப் பேரை யாருடா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க..."

எழுந்து வந்து நல்லையாவோட சட்டையைப் பிடிச்சாரு. "இன்னொரு தடவை அந்தப் பேரு உன் வாயில வந்துச்சு... உன் பொண்டாட்டி பிள்ளைங்களோட நீ தெருவுல நிப்பே." அப்புறம் குரலை இறக்கி, "மேட்டுல கல்லு குறைஞ்சிருக்கா?"

"கொஞ்சம் சரிஞ்சிருக்குங்க."

"நீயே போ. வண்டி நிறையக் கல்லு கொண்டு போய்ப் போடு. வேற யாரையும் கூட்டிட்டுப் போகாதே."

அப்படித்தான் அந்த உச்சி வெயில்ல தனியாப் போனாரு. கல்லு வெட்டி ஏத்தி முடிக்கவே அவ்வளவு நேரமாயிருச்சு. கல்லு உருண்டதை முதல்லயே சொன்னேன். அதைப் பார்த்தவரு வண்டியை அங்கேயே போட்டுட்டு ஓடினாரு. ஏரிக்கரையில டோ மியாங்கிற பர்மாக்காரம்மா கரும்புச்சாறு கடை வச்சிருந்தாங்க. அங்க போய்த்தான் விழுந்தாரு.

டோ மியா ஒரு குவளைத் தண்ணி கொடுத்தாங்க. அவர் மூஞ்சியை ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"சத்தம் கேட்டுச்சா, கோ நல்லையா?" கோன்னா பர்மாப் பேச்சுல அண்ணன்.

"கேட்டுச்சு. யாரோ கல்லு உடைக்கிறாங்க."

"உடைக்கிற சத்தம் இல்லை அது."

அப்புறம் பர்மாப் பேச்சுல மெதுவாச் சொன்னாங்க. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்த ரோடு போடும்போது முப்பது தமிழாளுங்க இங்க கூடாரம் போட்டிருந்தாங்க. மேஸ்திரி பொன்னுத்துரை. கல்லு உடைக்கிற பொம்பளைங்கள்ல ஒருத்தி நீலாம்பாள். சின்ன வயசு. புருஷன் கப்பல்லயே காய்ச்சல்ல போயிட்டான். மேஸ்திரி அவ மேல கண்ணு வச்சான். அவ மசியலை. ஒருநாள் கூடாரத்துக்குள்ளயே வந்துட்டான்... கையில இருந்த சுத்தியலால புருவத்துல ஒண்ணு போட்டா. முப்பது பேர் பார்க்க ரத்தத்தோட வெளியில ஓடினான்.

"அன்னியிலேருந்து அவன் சொல்ல ஆரம்பிச்சான். இவ புருஷனுக்கு விஷம் வச்சவ, நம்ம சோத்துலயும் வைப்பான்னு. அந்த வாரம் கூடாரத்துல ரெண்டு பேரு வயித்தாலே போயி செத்தாங்க. காலரா. ஆனா எல்லாரும் இவளைப் பார்த்தாங்க."

டோ மியா குவளையை வாங்கிக் கீழ வச்சாங்க.

"ஒரு மத்தியானம் கோட்டைச் சுவருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போனாங்க. முதல் கல்லு அவன் போட்டான். அப்புறம் ஒவ்வொருத்தனையா பார்த்துக்கிட்டு நின்னான், போடுற வரைக்கும். போட்டாங்க. அவ விழுந்தா. விழுந்தவ மேல கல்லைக் குவிச்சுட்டுக் கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. நான் கரும்புக் கொல்லைக்குள்ள இருந்தேன்."

"செத்துட்டாளா?"

"இல்லை."

ஏரியில ஒரு மீனு துள்ளி விழுந்துச்சு. நல்லையாவுக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு.

"மூணு நாள் உள்ள இருந்து சத்தம் வந்துச்சு. கல்லை எடுத்துக் கல்லுல தட்டுற சத்தம். டக்... டக்குன்னு. யாராவது வந்து எடுப்பாங்கன்னு தட்டியிருக்கா."

"நீங்க போயி எடுத்திருக்கலாமே அம்மா!"

டோ மியா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. "பயந்தேன். எனக்கு அப்போ கைக்குழந்தை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு... நாலாவது நாள் சத்தம் நின்னிருச்சு. அப்புறம்தான் உச்சி வேளையில கேட்க ஆரம்பிச்சுது. நீங்க கூட்டம் கூட்டமா ஆள் கொண்டு வந்து அவ மேல கல்லு போட வச்சீங்க இல்லையா... அதுக்கப்புறம் தினமும் கேட்குது."

நல்லையா வீட்டுக்கு வந்து சோத்துத் தட்டு முன்னால உட்கார்ந்தாரு. கை இறங்கலை. கமலாட்சி கேட்டாங்க, கேட்டாங்க, கடைசியில எல்லாத்தையும் சொல்லிட்டாரு.

"வேலையை விட்டுருங்க."

"விட்டா இந்த அறையையும் விடணுமே கமலாட்சி."

"விடுவோம். ஒரு பாவப்பட்டவ மேல பழியைச் சொல்லிக் கல்லைப் போட்டுத் தின்ன சோறுன்னு தெரிஞ்சப்புறம் எனக்குத் தொண்டையில இறங்குமா? எங்கண்ணன் வீட்டுத் தாழ்வாரத்துல படுத்துக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய கூட்டம் இருக்கு. அது மட்டும் முடியட்டும்"னாரு.

ஏன் அப்படிச் சொன்னோம்னு அவருக்கே தெரியலையாம். பின்னாடி ராஜரத்தினம் கேட்டப்போ, "வாய் என்னது, பேச்சு என்னது இல்லை"ன்னாராம்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. பதினெட்டுப் பேரு. லாஞ்சுக்கு லைசென்சு கொடுக்கிற ஒரு பெரிய தொரை, அவர் சம்சாரம், அவங்க சிநேகிதங்க. அதனால மேஸ்திரியே கூட வந்தாகணும். லாஞ்சுல ஏறும்போதே மேஸ்திரி நல்லையாவோட காதுல சொன்னாரு: "ஏரியோட திரும்பிடணும். சுவர்ப் பக்கமே போகக்கூடாது."

மீனுக்குப் பொரி போட்டாச்சு. மாதாகோவில் பார்த்தாச்சு. ஏரிக்கரையில பாய் விரிக்கும்போது தொரைசானி கேட்டாங்க, "கல்லு போடுற இடம் எங்கே? என் சிநேகிதி கடிதாசி எழுதியிருக்கா. அதைப் பார்க்கத்தானே வந்தேன்!"

மேஸ்திரி கையைப் பிசைஞ்சாரு. வெயிலுன்னாரு. பாம்புன்னாரு. தொரை சிரிச்சுக்கிட்டே அவர் தோள்ல கையைப் போட்டாரு. "நீயும் வா, பொன்னுத்துரை."

லைசென்சு கொடுக்கிற கை அது. எப்படித் தட்டிவிடுறது? போனாரு.

உச்சி வெயில் ஏறிருச்சு. பதினெட்டுப் பேரும் மேட்டைச் சுத்தி அரை வட்டமா நின்னாங்க. பின்னாடி சமையக்காரங்க, வண்டிக்காரங்க, எல்லாம் நம்ம ஆளுங்க. மேஸ்திரி சுவரோட ஒட்டிக்கிட்டு குடையை நெஞ்சுக்கு முன்னால பிடிச்சிருக்காரு. சத்தம் எதுவும் இல்லை. அதுதான் நல்லையாவுக்குப் பயமா இருந்துச்சாம்... அன்னிக்கு மேட்டுல இருந்து டக்குன்னு ஒரு சத்தம் கூட வரலை. உள்ள யாரோ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி.

"சொல்லு"ன்னாங்க தொரைசானி.

நல்லையா இங்கிலீஷ்ல ஆரம்பிக்கலாம்னு வாயைத் திறந்தாரு.

வந்தது பொம்பளைக் குரலு. தமிழ். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு.

"எம் பேரு நீலாம்பாள். எம் புருஷன் கப்பல்ல காய்ச்சல் கண்டு செத்தாரு. நான் யாருக்கும் விஷம் வைக்கலை."

வண்டிக்காரன் ஒருத்தன் கையில இருந்த கூடையைக் கீழ போட்டான்.

"வைக்கத் தெரிஞ்சிருந்தா... பொன்னுத்துரை... உனக்கு வச்சிருப்பேன்."

குடை கீழ விழுந்துச்சு.

"மூணு நாள் தட்டினேன். என் நகம் பூரா போச்சு. முதல் கல்லு நீ போட்டே, அது என் தாடையில பட்டுச்சு. அப்புறம் போட்டவங்க ஒவ்வொருத்தர் பேரும் எனக்குத் தெரியும். இருட்டுல கிடக்கிறவளுக்கு வேற என்ன வேலை? பேரைத்தான் சொல்லிக்கிட்டு கிடந்தேன். பதினஞ்சு வருஷமா என்னைக் கல்லுக்கடியில கிடக்க விட்டே, ரெண்டு வருஷமா வந்தவங்களை எல்லாம் ஏவி அமுக்கி வச்சே. இன்னிக்கு நீயே வந்திருக்கே."

வெள்ளைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை புரியலை. ஆம்பளை வாயில இருந்து பொம்பளைக் குரல்... பிரமாதம்னு கை தட்டினாங்க! தொரை "சபாஷ்"னாரு. தட்டிட்டு, வழக்கம்னு கேள்விப்பட்டபடி ஆளுக்கொரு கல்லை எடுத்தாங்க.

முதல் கல்லு தொரைசானி போட்டாங்க. மேட்டு மேல விழுந்துச்சு. டொக்.

அங்க சுவரோரமா நின்ன பொன்னுத்துரையோட முகம் ஒரு பக்கமாத் திரும்புச்சு. யாரோ தாடையில அறைஞ்ச மாதிரி.

ரெண்டாவது கல்லு. மேட்டு மேலதான் விழுது. பொன்னுத்துரை தோளைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சாரு. மூணாவது... முழங்கால் மடங்கிருச்சு. ஓடப் பார்க்கிறாரு, கால் தரையோட ஒட்டிருச்சு. கத்தப் பார்க்கிறாரு, ஊமை மாதிரி வாய் மட்டும் அசையுது. வெள்ளைக்காரங்க மேட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, நம்ம ஆளுங்க பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க, முதுகுப் பக்கம் இருக்கிற ஆளை யாரும் பார்க்கலை. சிரிப்பு, கூத்து... டொக், டொக், டொக்.

நல்லையா மட்டும்தான் பார்த்தாரு.

அப்போ அவர் குரல் அவருக்குத் திரும்பியிருந்துச்சு. தொண்டையில அது தெரிஞ்சுதாம், கட்டை அவுத்து விட்ட மாதிரி. "நிறுத்துங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பதினெட்டுப் பேரும் நிறுத்தியிருப்பாங்க. பொன்னுத்துரை தரையில கிடந்துக்கிட்டு இவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுறாரு. சோறு போட்ட ஆளு. வீடு கொடுத்த ஆளு.

நல்லையாவுக்கு அந்த மூணு நாள் சத்தம் காதுல கேட்டுச்சாம்.

தன்னோட சொந்தக் குரல்ல, அழகான இங்கிலீஷ்ல சொன்னாரு: "இன்னும் ஒண்ணு போடுங்கம்மா. தயவு பண்ணி... ஆளுக்கு இன்னும் ஒண்ணு."

எல்லாம் முடிஞ்சு திரும்பினப்போதான் பார்த்தாங்க. பொன்னுத்துரை குப்புறக் கிடக்காரு. உடம்புல ஒரு கீறல் கிடையாது. வெயில் தாங்காம மயக்கம்னு தொரை சொன்னாரு. தூக்குங்கன்னாரு. ரெண்டு பேர் போனாங்க, அசையலை. நாலு பேர்... அசையலை. எட்டுப் பேர் சேர்ந்து கயிறு போட்டு இழுத்துத்தான் புரட்டினாங்க. வாய் திறந்திருந்துச்சு. தொண்டை வரைக்கும் செக்கச்செவேல்னு கல்லுத் தூளு.

வெயில்ல மாரடைச்சு செத்தாருன்னு எழுதிக்கிட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே கமலாட்சி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு, கெமண்டைன்லயே மூணு தெரு தள்ளி இருந்த அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க.

நல்லையா போகலை. அந்தப் புள்ளை நீலாம்பாளை அப்படியே கல்லுக்கடியில விட்டுட்டு வர மனசு வரலை. எலும்பையாவது எடுத்து ஒழுங்கா அடக்கம் பண்ணணும்னு மறுநாள் திரும்பிப் போனாரு. டோ மியாவும் வந்தாங்க. யாரும் கூப்பிடலை, தானா வந்தாங்க. ரெண்டு பேருமா ஒவ்வொரு கல்லா எடுத்து வச்சாங்க. ரெண்டு நாள் ஆச்சு. டோ மியா அழுதுக்கிட்டே எடுத்தாங்க. நல்லையா தூக்கின ஒவ்வொரு கல்லுக்கும் மன்னிப்புக் கேட்டாரு. நான் தெரியாமச் சொன்னேன் தாயி, தெரியாமச் சொன்னேன்னு...



கடைசிக் கல்லை எடுத்தாங்க.

கீழ ஒண்ணும் இல்லை. எலும்பு இல்லை. ஒரு முடி இல்லை. ஒருத்தி ஒருக்களிச்சுப் படுத்திருந்த அச்சு மட்டும் மண்ணுல இருந்துச்சு. ஊரே காஞ்சு கிடக்கிற பங்குனியில, அந்த அச்சு மட்டும் ஈரமா... குளிர்ந்து போயி. இப்பத்தான் எழுந்து போன மாதிரி.

டோ மியா தண்ணி ஊத்திக் கும்பிட்டுட்டு, திரும்பிப் பார்க்காம வீட்டுக்குப் போயிட்டாங்க.

நல்லையா ஆத்தங்கரைக்கு வந்தாரு. கருக்கல் நேரம். லாஞ்சு போயிருச்சு. ஓதம் ஏறிக்கிட்டு இருக்கு, ரங்கூன் பக்கமாத் தண்ணி இழுக்குது. கபீர்னு ஒரு சம்பான்காரரு, சிட்டகாங்கு ஆளு, நம்ம பேச்சு பேசுவாரு. அவர் படகுல ஏறி முன்பக்கம் உட்கார்ந்துக்கிட்டு, "கெமண்டைன்"னாரு நல்லையா. ரெண்டு நாள் தூங்காத உடம்பு. கண்ணை மூடிக்கிட்டாரு.

நடு ஆத்துல கபீர் குரல் கேட்டுச்சு.

"அண்ணே, அந்த அம்மாவைக் கொஞ்சம் நடுவுல வந்து உட்காரச் சொல்லுங்க. படகு ஒரு பக்கமாச் சாயுது."

நல்லையா திரும்பலை. கழுத்து திரும்ப மாட்டேங்குது. படகோட விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

படகு மெதுவா நேரா நிமிர்ந்துச்சு.

கொஞ்ச நேரம் துடுப்புச் சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் நின்னுச்சு. கபீர் யாரோ பேசுறதை மரியாதையாக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி, "ம்... ம்..."னு கொட்டிக்கிட்டு இருந்தாரு.

"லத்தா துறையா? அந்தப் பழைய ரோட்டுக் கூலிங்க குடியிருக்கிற லயனா? தெரியும் தாயி, எல்லாரும் அங்கதான் இருக்காங்க. வாசல்லயே கொண்டு போய் விடுறேன்."

படகைத் திருப்பினாரு.